குளிர்காலத்தில் ஐரோப்பா: நண்பர்களோடு ஒரு பயணத்தைத் திட்டமிடுதல்

தமிழில் பயண இலக்கியம் என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஏ.கே.செட்டியார். 1937 இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் அத்திலாந்திக்கைக் கடக்கும்போதுதான் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்கான எண்ணம் அவருக்கு உதித்தது. அந்தப் படத்துக்காக ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் அலைந்தார். அவருடைய காலத்தில் தமிழன் ஐரோப்பாவுக்குப் போனால் அங்கே யாரையும் அவனுக்குத் தெரியாது. பார்ப்பதெல்லாம் புதிது. எங்கள் நிலைமை வேறு. ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழர் எவரிடமும் ஒரு தொலைபேசிப் புத்தகம் இருக்கும். அதில் ஐரோப்பா என்பது ஈபிள் கோபுரமோ பேர்லின் சுவரோ அல்ல; அது முகவரிகளின் வரிசை. பாரிஸில் பெரியம்மாவின் மகன், சூரிச்சில் ஒன்றாகப் படித்தவன், இலண்டனில் மச்சாள், டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் இயக்கக் கதைகளைப் பேசிப் பேசி விடியவைத்த நண்பன்.

இந்த வரிசை எப்படி உண்டானது என்பது எல்லோரும் அறிந்த கதை. 1983 க்குப் பிறகு எவருக்கு எந்தக் கதவு திறந்ததோ அந்தக் கதவால் போனார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டார்களே, அவர்கள் ஏறிய கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. அதாவது, கனடியத் தமிழரின் கதையிலேயே ஐரோப்பா ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் கூட இருந்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் அறுபது கடந்துவிட்டது.

நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு குளிர்காலத்தில் இவர்களைப் பார்த்துவருவது என்று தீர்மானித்தோம். இந்தக் கட்டுரை அந்தத் திட்டமிடலைப் பற்றியது. போய்வந்த கதையை எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். போவதற்கு முன் என்னென்ன யோசிக்க வேண்டும், எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஓரிடத்தில் எழுதிவைத்தால் அடுத்து யோசிப்பவர்களுக்கு உதவும்.

ஏன் குளிர்காலம்?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ரொறன்ரோக் குளிரை விட்டுக் கியூபாவுக்கு ஓடுகிற காலத்தில் ஐரோப்பாவுக்கா?

காரணம் ஒன்று, ஆட்கள். கோடையில் ஐரோப்பியத் தமிழர் எவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. கோயில் கொடியேற்றம், தேர், கலியாணம், சாமத்தியவீடு, விளையாட்டுப் போட்டி என்று வார இறுதிகள் நிரம்பிவிடும். மிச்ச நாட்களில் ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முற்பகுதியிலும்தான் ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.

காரணம் இரண்டு, செலவு. நத்தாருக்கு முந்திய வாரம் விமானச்சீட்டின் விலை உச்சத்தில் நிற்கும். நத்தார் முடிந்தபின் புறப்பட்டு ஜனவரி நடுப்பகுதியில் திரும்பினால் பொதுவாகக் கணிசமாகக் குறையும். புதுவருடம் கழிந்தவுடன் தங்குவிடுதிகளும் இறங்கிவரும்.

காரணம் மூன்று, எங்களுக்கு மட்டும் உரியது. ஜேர்மனியில் இருக்கும் நண்பருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாட்கள், செவ்வாய், வியாழன், சனி, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். 'வாற கோடைக்கு வாங்கோவன்' என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கோடைவரை தள்ளிப்போட எங்களில் ஒருவருக்கும் மனமில்லை.

குளிரைப் பற்றி ஒரு விளக்கம். ரொறன்ரோ இருப்பது வடக்கு அகலக்கோடு 43 பாகையில். பாரிஸ் ஏறத்தாழ 49 பாகையில். வரைபடத்தில் ரொறன்ரோவை நேராகக் கிழக்கே இழுத்தால் தெற்குப் பிரான்சின் நீஸ் நகரத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். அப்படியிருந்தும் ஜனவரியில் ரொறன்ரோவின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாலைந்து பாகை; பாரிஸிலும் இலண்டனிலும் பூச்சியத்துக்கு மேலே நாலைந்து பாகை. மேற்கிலிருந்து வீசும் காற்று ஐரோப்பாவை அடையுமுன் அத்திலாந்திக்கைக் கடந்து, கடலின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. வளைகுடா நீரோட்டமும் அதற்குத் துணை. ரொறன்ரோவுக்கு வரும் காற்றோ உறைந்துகிடக்கும் கண்டத்தின் நடுவிலிருந்து வருகிறது. ஆகவே எங்கள் குளிர்ச்சட்டைகள் அங்கே தாராளமாகப் போதும். ஆனால் அங்குள்ளது ஈரக்குளிர். பனி கொட்டுவதைவிட மழை தூறுவதே அதிகம். பனிக்கான கனத்த சப்பாத்தைவிட நீர் புகாத, கல் பாவிய தெருக்களில் வழுக்காத சப்பாத்துத்தான் தேவை.

குளிரைவிடக் கணக்கில் எடுக்க வேண்டியது வெளிச்சம். டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவின் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம். பாரிஸில் எட்டேகால், இலண்டனில் எட்டுக்குச் சற்றுக் குறைவு, பேர்லினில் ஏழரையைச் சற்றுத் தாண்டும், ஒஸ்லோவில் ஆறு மணி நேரமும் இல்லை. இலண்டனில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோடையில் ஒரு நாளில் பார்ப்பதைக் குளிர்காலத்தில் இரண்டு நாட்களில்தான் பார்க்கலாம். வெளியில் பார்ப்பவற்றைக் காலை பத்திலிருந்து மூன்றுவரையும், நூதனசாலைகளையும் மனிதர்களையும் அதற்குப் பிறகும் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் காரணத்தால்தான் நோர்வேயை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

கடைசிக் கடவுச்சீட்டு

திட்டமிடலில் மிகப் பெரிய விடயம் இதுதான். வெளிநாட்டுத் தமிழர் நண்பர் குழுக்களில் எல்லோரிடமும் ஒரேவிதமான கடவுச்சீட்டு இருப்பதில்லை. எங்கள் நால்வரில் மூவரிடம் கனடியக் கடவுச்சீட்டு. நான்காமவர் மகளின் பொறுப்பில் பிந்தி வந்தவர். நிரந்தர வதிவுரிமை உண்டு, கடவுச்சீட்டு இலங்கையினது. கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, முந்திய ஐந்தாண்டுகளில் 1095 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். தாயாரின் கடைசிக் காலத்தில் நீண்டநாள் யாழ்ப்பாணத்தில் நின்றதால் அவருக்குக் கணக்கு இன்னும் நிறையவில்லை.

கனடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் நாடுகளுக்கு விசா தேவையில்லை. எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்வரை தங்கலாம். முன்பு எல்லையில் முத்திரை குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 அன்று ஈ.ஈ.எஸ். எனப்படும் மின்பதிவு முறை தொடங்கியது. 2026 ஏப்ரல் 10 வரை அதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. முகப்படமும் விரல் அடையாளமும் எடுப்பார்கள்; பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல் அடையாளம் இல்லை. முதல் தடவை வரிசை நீளலாம் என்பதால் இறங்கி ஒரு மணி நேரத்தில் இன்னொரு வாகனத்தைப் பிடிப்பதாகத் திட்டமிடக் கூடாது. எட்டியாஸ் என்ற முன்அனுமதி முறையும் வரவிருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. 2026 இன் கடைசிக் காலாண்டு என்பது அறிவித்த காலம், 20 யூரோ என்பது அறிவித்த கட்டணம். சீட்டு வாங்குமுன் இதை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிரித்தானியா இந்த வட்டத்துக்கு வெளியே. 2025 ஜனவரி 8 முதல் கனடியக் கடவுச்சீட்டுக்காரரும் அங்கு போக ஈ.ரி.ஏ. என்ற மின்அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனுக்குள் இருக்கின்றன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. இந்த இரண்டு வட்டங்களையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வழித்தடம் போடுபவர்கள் பலர்.

இனி நான்காமவர். அவருக்கு இரண்டு விசாக்கள் வேண்டும்: பிரித்தானியாவுக்கு ஒன்று, ஷெங்கனுக்கு ஒன்று. ஷெங்கன் விசாவில் கவனிக்க வேண்டியவை:

அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் நாலு நாளும் ஜேர்மனியில் ஏழு நாளும் என்றால் ஜேர்மனிக்கே விண்ணப்பம்.

பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாட்கள், தேவைப்பட்டால் 45 நாட்கள்வரை எடுப்பார்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

உறவினர் வீட்டில் தங்குவதென்றால் வெறும் கடிதம் எல்லா நாட்டிலும் போதாது. பிரான்சில், வீட்டுக்காரர் தமது நகரசபைக்குப் போய் வரவேற்புச் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். வீட்டின் பரப்பு, வருமானம் எல்லாம் கேட்பார்கள். ஜேர்மனியில், செலவைப் பொறுப்பேற்கும் உறுதிமொழியை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுக்கலாம். இதற்காக அவர்கள் ஒருநாள் லீவு போட வேண்டிவரும் என்பதை நினைவில் வைத்து ஆறுதலாகக் கேட்க வேண்டும்.

இங்கேதான் வழித்தடத்தை முடிவுசெய்யும் ஒரு சிறிய சொல் வருகிறது: ஒற்றை நுழைவு. ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழைவதற்குத் தரப்பட்டிருந்தால், பாரிஸிலிருந்து இலண்டனுக்குப் போனவர் திரும்பப் பாரிஸுக்கு வர முடியாது. கனடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இது மனதிலேயே படாது. ஆகவே இலண்டனைப் பயணத்தின் தொடக்கத்தில் அல்லது முடிவில்தான் வைக்க வேண்டும், நடுவில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, ஒரு கடவுச்சீட்டு ஒரே நேரத்தில் இரண்டு தூதரகங்களில் இருக்க முடியாது. ஒன்று முடிந்து திரும்பிய பிறகே மற்றதற்குக் கொடுக்கலாம். டிசம்பர்ப் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே முதல் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. அவருடைய நிரந்தர வதிவிட அட்டை திரும்பும் நாளிலும் செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் கனடாவுக்கு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

எங்களுக்குள் இதில் ஒரு விவாதம் நடந்தது. 'நீங்கள் மூன்று பேரும் போட்டு வாங்கோ, நான் குடியுரிமை எடுத்தபிறகு வாறன்' என்று அவரே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விசா மறுக்கப்பட்டால் எல்லோருடைய பணமும் நாட்களும் வீண். ஆனால் ஜேர்மனி நண்பரோடு 1980 களில் ஒரே அறையில் இருந்து படித்தவர் அவர்தான். கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது: அவருடைய விசா கையில் கிடைக்கும்வரை எவரும் பணம் திரும்பாத சீட்டு வாங்குவதில்லை. அதுவரை இரத்துச் செய்யக்கூடிய முன்பதிவுகள் மட்டும். அதனால் செலவு சற்றுக் கூடுகிறது. அந்த மேலதிகத்தை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். கலப்புக் கடவுச்சீட்டுகளோடு போகும் எந்தக் குழுவுக்கும் இதையே சொல்வேன். திட்டத்தை மிக எளிதாகப் போகக்கூடியவரிடமிருந்து தொடங்காமல், மிகக் கடினமாகப் போகக்கூடியவரிடமிருந்து தொடங்குங்கள்.

வழித்தடம்

எங்களுடைய வழி இப்படி அமைந்தது. டிசம்பர் 27 ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு மறுநாள் இலண்டன், ஐந்து இரவுகள். ஜனவரி 2 பாரிஸ், நான்கு இரவுகள். ஜனவரி 6 சுவிற்சர்லாந்து, மூன்று இரவுகள். ஜனவரி 9 முதல் ஜேர்மனி, ஏழு இரவுகள். பிராங்க்பேர்ட்டிலிருந்து ரொறன்ரோ. இதனால் தைப்பொங்கல் ஜேர்மனி நண்பரின் வீட்டில் விழுகிறது.

ஒரு நகரில் இறங்கி இன்னொரு நகரில் ஏறும் விமானச்சீட்டைத் தனித்தனி ஒருவழிச் சீட்டுகளாக வாங்காமல், பலநகரச் சீட்டாக ஒரே பதிவில் வாங்குவது பெரும்பாலும் மலிவு. இலண்டனுக்குத் திரும்பிவரும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

நகரங்களுக்கிடையே புகையிரதம். இலண்டன் சென்ற் பாங்கிராசிலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்ராரில் இரண்டேகால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். எல்லைச் சோதனை இலண்டனிலேயே நடப்பதால் முன்னதாகப் போக வேண்டும். பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து சூரிச்சுக்கு நான்கு மணி நேரமளவு. சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள். பிறகு பாசல் வழியாக ஜேர்மனி.

ஐரோப்பாவில் வதியாதவர்களுக்கு யூரெயில் என்ற கடவைச்சீட்டு உண்டு. பலரும் இதை வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரான்சின் அதிவேக வண்டிகளிலும் யூரோஸ்ராரிலும் கடவைச்சீட்டுக்கு மேலதிகமாக இருக்கைப் பதிவுக் கட்டணம் உண்டு. அந்த இருக்கைகளும் அளவானவை. நான்கைந்து நீண்ட பயணங்கள்தான் என்றால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் தனித்தனிச் சீட்டுகள் எடுப்பது மலிவாக இருக்கலாம். இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான்.

ஜேர்மனியப் புகையிரதங்களின் நேரந்தவறாமையைப் பற்றிய பழைய புகழை நம்ப வேண்டாம். 2024 இல் அங்குள்ள தொலைதூர வண்டிகளில் 62.5 வீதமே நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைத் தாமதமாகக் கணக்கெடுக்காமல். மாறி ஏறும் இடங்களில் முக்கால் மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

கார் எடுப்பதென்றால், ஒன்ராறியோச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சி.ஏ.ஏ. வழங்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் கொண்டுபோவது நல்லது. ஜேர்மனியில் பனி, உறைவு உள்ள வீதிகளில் குளிர்கால ரயர் கட்டாயம். 2024 அக்டோபர் முதல் மலையும் பனிப்பூவும் கொண்ட குறியீடு உள்ள ரயர்களே அதற்குச் செல்லும். சுவிஸ் பெருந்தெருக்களுக்கு 40 பிராங் ஆண்டுச்சீட்டு வேண்டும். அறுபது கடந்த நாலு பேர் நாலரை மணிக்கு இருட்டிவிடும் நாட்டில் தெரியாத வீதியில் ஓடுவதைவிடப் புகையிரதம் மேல் என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

மூடியிருக்கும் நாட்கள்

கனடாவில் நத்தார் அன்றும் ரி.ரி.சி. ஓடும். இலண்டனில் டிசம்பர் 25 அன்று நிலக்கீழ் வண்டியும் பேரூந்தும் இல்லை, பிரித்தானியா முழுவதும் புகையிரதம் இல்லை, யூரோஸ்ராரும் இல்லை. மறுநாளும் மிகக் குறைவு. ஜேர்மனியில் 25, 26 இரண்டும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டு. பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். ஜனவரி 6 ஜேர்மனியின் சில மாநிலங்களில் மட்டும் விடுமுறை. பாரிஸில் லூவ்ர் செவ்வாய்தோறும் பூட்டு. ஜனவரி 1, டிசம்பர் 25 இரண்டு நாட்களும் பூட்டு. பொம்பிடு நிலையம் பெரும் திருத்த வேலைக்காக 2025 இல் மூடப்பட்டது. 2030 இல்தான் திறப்பதாகத் திட்டம். 2019 இல் எரிந்த நோத்ர் தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது.

நத்தார்ச் சந்தை பார்க்கத்தான் ஆசை என்றால் எங்கள் திகதிகள் பொருந்தா. ஜேர்மனியில் பெரும்பாலான சந்தைகள் டிசம்பர் 23, 24 இல் முடிந்துவிடும். அதற்கு டிசம்பர் முதல் இரண்டு வாரங்களே உகந்தவை.

உடல்நலமும் காப்புறுதியும்

ஓஹிப் எங்களைக் காப்பாற்றும் என்று நம்பிப் போகக் கூடாது. வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால் அது கொடுப்பது நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர், வெளிநோயாளராகப் பார்த்தால் 50 டொலர். 2020 இல் ஒன்ராறியோ அரசு அதையும் நிறுத்தியது. அதே ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பால் அது திரும்ப வந்தது. ஐரோப்பிய வைத்தியசாலைக் கட்டணத்துக்கு முன்னால் இந்தத் தொகை ஒன்றுமேயில்லை.

தனியார் காப்புறுதியில் எங்கள் வயதினர் வாசிக்க வேண்டியது ஒரு பகுதியை: ஏற்கெனவே இருக்கும் நோய்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் இருப்பவர்களுக்குப் பயணத்துக்கு முன் குறிப்பிட்ட மாதங்களுக்கு 'மாற்றமில்லாத நிலை' இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் வைத்தியர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது மாற்றமாகக் கொள்ளப்படலாம். ஆகவே பயணத்துக்கு முன் மருந்து மாற்றப்பட்டால் உடனே காப்புறுதிக்காரரிடம் சொல்லி எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மருந்துகளை மருந்தகப் பெயர்ச்சீட்டுடன் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். இன்சுலின் விமானத்தின் பொதிப் பகுதிக்குப் போகவே கூடாது, உறைந்தால் பயன்படாது.

நோயாளி நண்பரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சுத்திகரிப்பு நாளில் அவர் களைத்துப்போய் இருப்பார். எங்கள் நாட்காட்டியில் செவ்வாய், வியாழன், சனி மூன்றையும் வெட்டிவிட்டு, அந்த நாட்களில் வெளியூர்களைப் போட்டோம். சாப்பாட்டிலும் அவருக்குக் கட்டுப்பாடு உண்டு. உப்பு, பொட்டாசியம், தண்ணீர் எல்லாம் அளவோடு. ஆகவே மிக்சரும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போவதில்லை என்று தீர்மானம்.

பொதியைப் பற்றிச் சொன்னால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கனடாவிலிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோக முடியாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், டூரியன், பேரீச்சம்பழம். மிளகாய்த்தூளுக்குத் தடையில்லை. ஆனால் லாச்சப்பலில் எல்லாமே கிடைக்கும்போது தூளைச் சுமப்பதைவிடப் புத்தகங்களைச் சுமக்கலாம்.

பணமும் நட்பும்

மூன்று நாணயங்கள் தேவை: பவுண், யூரோ, சுவிஸ் பிராங். கனடிய வங்கி அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக்கு 2.5 வீதம் மேலதிகமாக எடுப்பார்கள். கடையில் இயந்திரம் 'கனடிய டொலரில் செலுத்துவதா' என்று கேட்டால், உள்நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். மற்றது எப்போதும் கூடுதலாகவே வரும்.

நண்பர்கள் சேர்ந்து போகும்போது பிணக்கு வருவது பெரிய செலவில் அல்ல, கோப்பியிலும் ரக்சியிலும்தான். பொதுப்பணம் என்று ஒரு தொகையை நால்வரும் சமமாகப் போட்டு, கணக்கு எழுத ஒருவரை வைத்துவிட்டால் போதும். தங்குவதில் எங்கள் விதி: எந்த வீட்டிலும் இரண்டு இரவுக்கு மேல் நால்வரும் தங்குவதில்லை. 'என்ன, கோட்டலில நிக்கிறியளோ?' என்று கோபிப்பார்கள். ஆனால் பாரிஸில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். அவர்கள் மறுநாள் அதிகாலை வேலைக்குப் போக வேண்டும். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் விருந்தினர் கடமைதான்.

இலக்கியம் சார்ந்த சில இடங்கள்

இலண்டன் பாடிங்ரன் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒக்ஸ்போர்ட். திருக்குறளை 1886 இலும் திருவாசகத்தை 1900 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப்பின் கல்லறை அங்கே சென்ற் செபல்கர் மயானத்தில் இருக்கிறது.

பாரிஸ் கார் து நோர் நிலையத்திலிருந்து லாச்சப்பல் நடைதூரம். இந்த நகரத்தில் இருந்துதான் ஷோபாசக்தி எழுதுகிறார். அவர் நடித்த 'தீபன்' 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது.

சூரிச்சில் ஆறாம் இலக்க டிராமின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புளுந்தேர்ன் மயானம். ஜேம்ஸ் ஜொய்ஸ் அங்கே இருக்கிறார். போருக்குத் தப்பிச் சுவிற்சர்லாந்துக்குள் நுழைய அவர் கேட்ட அனுமதி முதலில் மறுக்கப்பட்டது. பணப் பிணை கேட்கப்பட்டது. பிணை கொடுத்து, 1940 டிசம்பரில் குடும்பத்தோடு உள்ளே வந்தார். 1941 ஜனவரி 13 இல் இறந்தார். வந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. விசாப் பத்திரங்களைக் கட்டுக்கட்டாய்ச் சுமந்த எங்கள் தலைமுறைக்கு அந்தக் கல்லறையில் அதிகம் விளக்கத் தேவையில்லை.

பேர்லினில் பிரீட்றிக்ஸ்ராச நிலையம். 1980 களின் நடுவில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கிய எத்தனையோ தமிழ் இளைஞர்கள் இந்த நிலையத்தின் வழியாகத்தான் மேற்கு பேர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். நிலையத்தோடு ஒட்டிய பழைய எல்லைச் சாவடிக் கட்டடத்தைக் 'கண்ணீர் மாளிகை' என்று மக்கள் அழைத்தார்கள். 2011 முதல் அது நூதனசாலை, கட்டணமில்லை.

பேர்லினிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் ஹாலே. 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் படித்த ஊர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை இங்கே வார்த்துத்தான் அனுப்பினார்கள். பிராங்க நிறுவனங்களின் ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உண்டு. பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

ஹம் நகரில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலைப் பலரும் அறிவர். 1988 இல் ஜேர்மனியில் தொடங்கி, நாடு நாடாக நகர்ந்து, 2013 இல் யாழ்ப்பாணம்வரை போன இலக்கியச் சந்திப்பும் இந்த மண்ணில் பிறந்ததுதான். அந்தச் சந்திப்புகளுக்கும் நண்பர்கள் இப்படித்தான் புகையிரத அட்டவணையையும் தஞ்சப் பத்திரங்களையும் வைத்துக்கொண்டு நாட்டுக்கு நாடு போனார்கள்.

கடைசியாக ஒழுங்கு. முதலில் ஆட்களிடம் பேசி நாட்களைக் கேளுங்கள். அடுத்து எல்லோருடைய கடவுச்சீட்டையும் மேசையில் வைத்து, விசா தேவைப்படுபவரின் கால அட்டவணையைப் போடுங்கள். அதன்பிறகு வழித்தடம். பிறகு காப்புறுதி. விசா வந்தபின் விமானச்சீட்டு, புகையிரதச்சீட்டு. இடங்களைப் பற்றிய பட்டியல் கடைசியில் வந்தால் போதும். அவை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். நண்பர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.